பருவம் தவறும் வானமும் தாழ்வாரத் தோட்டமும்



உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் எந்தப் புளோக்கில் ஏறினாலும், தமிழர் குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. வாசலில் ஒரு துளசி, பக்கத்தில் கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு மல்லிகை நிற்கும். இந்தச் செடிகளோடு, "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியும் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது. ஆனால், அந்தப் பட்டம் மட்டும் வந்து சேரவில்லை!

சிங்கப்பூரில் ஆடியிலும் மழை உண்டு, மாசியிலும் மழை உண்டு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பிப்ரவரியில் சற்று ஓயும். இதுதான் பழகிய கணக்கு. அந்தக் கணக்கும் சில ஆண்டுகளில் தப்பிவிடுகிறது. 2014ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சி நிலவியது. அந்தப் பிப்ரவரி முழுவதும் சாங்கியில் பெய்த மழை வெறும் 0.2 மில்லிமீட்டர். 1869க்குப் பிறகு அவ்வளவு வறண்ட பிப்ரவரி இருந்ததில்லை. இதற்கு நேர்மாறாக, 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் அதே சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைவிட அது அதிகம்.

இத்தகைய நாள்களில் தொட்டிச் செடி என்ன பாடுபடும்? மரமாவது ஆழத்தில் நீர் தேடும். தொட்டிச் செடிக்கு ஒரு சாண் மண்தான் உலகம். கடும் வெயிலில் அந்த மண் சுருங்கி, தொட்டியின் ஓரத்தைவிட்டு விலகும். ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடித் தட்டில் நிற்கும், வேருக்கு எட்டாது. அப்போது தொட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் வைத்தால், மண் தானாக உறிஞ்சிக்கொள்ளும். வெயில் நாளில் மிளகாய்ச் செடி பூவை உதிர்த்தால் உரம் போட ஓடக்கூடாது. காய்ந்த மண்ணில் உரம் வேரைக் கருக்கிவிடும். இலையின் அடியைத் திருப்பிச் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே முதல் வேலை.

அடைமழையில் கதை வேறு. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் நாள்கணக்கில் ஊறிக் கிடந்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை மஞ்சளாகித் தொங்கும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தாகத்தில் வாடும் செடியும், வேர் அழுகி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "ஐயோ, வாடுகிறதே!" என்று இன்னும் இரண்டு குவளை ஊற்றுவார்கள். பத்து வருடம் பிள்ளைபோல் வளர்த்த கறிவேப்பிலை அந்த அன்பாலேயே செத்துப்போகும். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் போதும். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடலாம்.

வெயிலின் திசையும் கவனிக்க வேண்டியது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் வெயில் விழும். அக்டோபரிலிருந்து அது தெற்குப் பக்கம் போய்விடும். மல்லிகை பூக்கவில்லையே என்று வருந்துவோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

வானிலையின் மாற்றம் எல்லாமே கேடும் அல்ல. நீர் குறைந்தால்தான் காகிதப்பூ அள்ளிப் பூக்கும். சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட், பெருமழை காற்றைத் திடீரெனக் குளிர்வித்த ஒன்பதாம் நாள் வாக்கில், வட்டாரமெங்கும் ஒரே நாளில் பூத்து அன்றே வாடும். அதற்கு நாள் குறித்துக் கொடுப்பது மழைதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. மழைக்குப் பின் தொட்டித் தட்டில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால், அங்கே ஏடிஸ் கொசு பிறந்துவிடும். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் அதிகமானோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். செடியைக் காப்பாற்றப்போய் அடுத்த வீட்டுக் குழந்தையைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிடக்கூடாது. தட்டைக் கவிழ்ப்பதும், இறுகிய மண்ணைக் கிளறிவிடுவதும் செடிக்கும் நல்லது, அண்டை வீட்டாருக்கும் நல்லது.

நாள்காட்டி சுவரிலேயே தொங்கட்டும். நாளைக் காலை தண்ணீர்க் குவளையைத் தூக்கும் முன், அனைவரும் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.