கணிப்பானும் நம் மாணவரும்



உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன். விஞ்ஞானமுறைக் கணிப்பான் என்பது அதன் பெயர். கடை மேசையிலுள்ள கணிப்பான் கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். இதுவோ சைன், கோசைன், மடக்கை, வர்க்கமூலம் யாவற்றையும் நொடியிற் சொல்லிவிடும்.

நம் நாட்டில் ஒரு விசித்திரமுண்டு. க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல், இரசாயனவியல் வினாத்தாள்களில் கணிப்பானைப் பயன்படுத்தலாகாதென்று அச்சிட்டிருக்கும். அதே மாணவன் சித்தியெய்திப் பொறியியற் பீடத்திலோ விஞ்ஞான பீடத்திலோ கால்வைத்தானோ, அக்கருவியின்றி ஒரு வாரம் தள்ளுவதும் அரிது. நகரத்திலே வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தமையனுடைய கணிப்பானை முன்பே தட்டிப் பழகியிருப்பான். றப்பர் மலைக்கு அப்பால் லயத்திலிருந்து செல்லும் நம் பிள்ளை அதை முதன்முதலாகக் கையிலெடுப்பது பல வேளைகளில் விரிவுரை மண்டபத்திலேதான்.

இதனால் மடக்கை அட்டவணையைத் தூக்கியெறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கொத்லாந்து தேசத்து ஜோன் நேப்பியர் 1614-ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்முறை, பெருக்கலைக் கூட்டலாக்கியது. 2-இன் மடக்கை 0.3010, 3-இன் மடக்கை 0.4771, கூட்டினால் 0.7781. ஆனால் அட்டவணையில் 6-க்கு எதிரே 0.7782 என்றிருக்கும்! நான்கு தானத்தோடு நிறுத்தியதால் வந்த வித்தியாசம் அது. அட்டவணை புரட்டிய பிள்ளைக்கு இது கண்கூடு. கணிப்பானோ இதை மறைத்துவிடும். அடிமட்டத்தால் அளந்த 7.3 சென்ரிமீற்றரை 4.6-ஆல் வகுத்தால் 1.586956522 என்று நீட்டி முழக்கும். அதில் 1.6-க்கு மேல் நம்பத்தக்கது எது?

கையடக்க விஞ்ஞானக் கணிப்பான்களில் முதலாவதென்று பெயர்பெற்ற எச்.பி.-35, 1972-இல் அமெரிக்காவில் 395 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. முப்பத்தைந்து விசைகள் இருந்தமையால் அப்பெயர். அதன் ஆரம்பப் பிரதிகளில் 2.02-இன் இயற்கை மடக்கையை எடுத்து மறுபடி திருப்பினால், 2.02-க்குப் பதில் 2 என்றே விடை வருமாம்! யந்திரம் சொன்னது வேதவாக்கு என்று நம்புவோர் இதைச் சற்று நினைவில் வைத்திருப்பார்களாக.

யந்திரம் பிழைப்பது மிக அபூர்வம். கை பிழைப்பதுதான் அன்றாடம். நம்மூர் மலைச் சரிவையே எடுத்துக்கொள்வோம். 30 பாகைச் சரிவில் 200 மீற்றர் ஏறினால் எவ்வளவு உயரம் சென்றிருப்போம்? 30-இன் சைன் அரை. ஆகவே 100 மீற்றர். கணிப்பானின் திரையோரத்தில் ‘டி’ என்ற எழுத்துக்குப் பதில் ‘ஆர்’ நின்றால், அது பாகையை விட்டு ஆரையனிற் கணிக்கும். விடை −197.6! மலையேறியவன் பாதாளத்துக்குப் போய்விட்டான். குறி மாறியதால் இதையாவது கண்டுபிடிக்கலாம். ‘ஜி’ நின்றாலோ ஏறத்தாழ 91 மீற்றர் வரும். பார்வைக்கு நியாயமான விடை, ஒருவருக்கும் சந்தேகம் எழாது. ஆகையால் விசையைத் தொடுமுன் விடை எந்த அளவில் வரவேண்டுமென்று மனத்தில் ஒரு மதிப்புப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு ஒப்புவித்த பிள்ளைக்கு அது கடினமன்று.

அடைப்புக்குறியும் அப்படியே. 12-ஐ 2, 3 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுக்கப் போய், அடைப்பின்றி 12 ÷ 2 × 3 என்று தட்டினால் 2 வரவேண்டிய இடத்தில் 18 வரும். இடைவிடையைக் குறுக்கித் தாளிலெழுதி மீண்டும் தட்டாமல், ‘ஆன்ஸ்’ விசையாலேயே தொடருங்கள். வாங்கும்போதும் கவனம் வேண்டும். பல பீடங்களின் பரீட்சை மண்டபத்துள் நிரல் எழுதக்கூடிய மாதிரிகளுக்கு இடமில்லை. பீடத்து விதியை அறிந்தபின் பணத்தைக் கொடுங்கள்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அழைப்பு வரும்வரை நம் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வாசிகசாலைப் புத்தகங்களைப் போல நாலைந்து கணிப்பான்களையும் வாங்கி, பெயர் பதிந்து, அம்மாதங்களில் இரவல் கொடுக்கலாமல்லவா? பழக்கிக் கொடுக்க, விடுமுறைக்கு ஊர் வரும் எங்களைப் போன்றோர் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் வரச் சித்தமாயிருக்கிறோம். முதற் கருவிக்கு என் பங்கைத் தனாதிகாரியிடம் இன்றே கொடுத்துச் செல்கிறேன்.