சொந்தக் குரல்: நடிகை ரீட்டா மொரேனோ

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ, ஸ்பானிய மொழி வழங்கும் ஒரு தீவு. 1898-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வசமாயிற்று. 1917-இல் தீவினருக்கு அமெரிக்கக் குடியுரிமையும் வழங்கப்பட்டது. ஆகவே, அங்கிருந்து நியூயார்க்குக்குப் பிழைப்புத் தேடிச் செல்பவர் சட்டப்படி அயல்நாடு செல்பவர் அல்லர். ஆயினும் மொழியும் உணவும் குளிரும் அவரை அந்நியராக்கிவிடும். மாநில எல்லை கடந்து வாழும் நமக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறு சென்ற ஒரு சிறுமியின் கலை வாழ்வையே இன்று நாம் காண்போம்.

ரோசா டோலோரெஸ் அல்வெரியோ 1931 டிசம்பர் 11 அன்று அத்தீவின் உமகாவோ என்னும் ஊரில் பிறந்தார். ஐந்தாம் வயதில், 1936-இல், தாயுடன் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். இளைய சகோதரன் தீவிலேயே விடப்பட்டான். தாய் தையல் வேலை செய்து மகளை வளர்த்தார், நடனமும் கற்கச் செய்தார். பதினோராம் வயதில் அமெரிக்கப் படங்களின் ஸ்பானிய வடிவங்களுக்கு ரோசா குரல் கொடுத்தார். 1945-இல் பிராட்வே நாடக மேடையேறினார். பின்னர் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரும் சுருக்கப்பட்ட முதற்பெயரும் சேர, ரோசா ரீட்டா மொரேனோ ஆனார்.

பெயர் கிடைத்தது, தக்க வேடம் கிடைக்கவில்லை. மாநிறத்தவர் என்றால் எந்நாட்டுப் பெண்ணாகவும் நடிக்கலாம் என்பது அந்நாளைய ஹாலிவுட் வழக்கம். செவ்விந்தியப் பெண்ணாகவும், 1956-இல் வெளிவந்த ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் பர்மியப் பெண் டுப்டிம்மாகவும் அவர் தோன்றினார். எல்லா வேடங்களுக்கும் ஒரே கலப்பட உச்சரிப்பையே தாம் பயன்படுத்தியதாக அவரே பிற்காலத்தில் நகையாடியிருக்கிறார்.

1961-இல் ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ வந்தது. நியூயார்க்கின் புவேர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய கதை அது. எனினும் நாயகியாக நடித்தவர் ரஷ்யக் குடியேறிகளின் மகள். அவளுடைய அண்ணனாக நடித்தவர் கிரேக்க வமிசத்தவர். ரீட்டாவுக்கு அனிதா என்னும் துணைப் பாத்திரம். தீவினர் அனைவருக்கும் ஒரே கருமைப் பூச்சுப் பூசினார்கள். தம் மக்கள் பல நிறத்தவர் என்று அவர் ஒப்பனையாளரிடம் கூறியும் பயனில்லை. ஆயினும் அனிதா ஆண்களின் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூறும் பெண், சுயமரியாதை உடையவள். அவ்வேடத்துக்காக 1962-இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ரீட்டா, அப்பரிசை வென்ற முதல் லத்தீன் அமெரிக்க வமிசப் பெண்மணியானார்.

பரிசுக்குப் பின் நேர்ந்ததே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. வந்த வாய்ப்புகளில் பல, அனிதாவின் மங்கிய நகல்களே. அவற்றை அவர் மறுத்தார். மறுப்பின் விலை பெரிது. ஏறத்தாழ ஏழாண்டுகள் திரைப்படம் அவரை அழைக்கவில்லை. ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. மேடையிலும் தொலைக்காட்சியிலும் உழைத்தார். 1963-இல் வாஷிங்டனில் நடைபெற்ற குடிமை உரிமைப் பேரணியிலும் கலந்துகொண்டார். ‘தி ரிட்ஸ்’ நாடகத்தில், தம்மைக் கட்டிப்போட்ட அதே கொச்சை உச்சரிப்பைக் கேலிப் பொருளாக்கி, 1975-இல் டோனி பரிசு பெற்றார். இசைக்கான கிராமி 1973-இலும், தொலைக்காட்சிக்கான எம்மி 1977-இலும் கிடைத்தன. நான்கு துறைகளின் தலையாய பரிசுகளையும் வென்றவர் மிகச் சிலரே.

2021-இல் அதே கதை மீண்டும் படமாயிற்று. தொண்ணூறு வயதை எட்டிய ரீட்டா, தமக்கெனப் புதிதாக எழுதப்பட்ட வலன்டினா என்னும் பாத்திரத்தில் நடித்தார். இம்முறை ஸ்பானிய உரையாடல்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எழுத்துகள் திரையில் காட்டப்படவில்லை. அம்மொழி தன் காலில் நின்றது. அனிதாவாக நடித்த அரியானா டிபோஸ் அவ்வேடத்துக்கே 2022-இல் ஆஸ்கார் பெற்றார்.

சென்ற இடத்தின் மொழியைக் கற்பது கடமை. வந்த இடத்தின் குரலை இழப்பது கடமையன்று. கிடைத்த வேடத்தைத் திறம்படச் செய்வது ஒரு திறமை என்றால், தகாத வேடத்தை வேண்டாம் என்பது அதனினும் அரிய திறமை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த வாழ்வு ரீட்டா மொரேனோவினுடையது.