குழாய்க்குள் ஒரு சக்கரம்

கொழுந்து நிறுக்கும் தராசு தப்பினால் நம் கூலி தப்பும். ராக்கெட் எஞ்சினில் அளவு தப்பினால் எஞ்சினே போய்விடும்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் எஞ்சின்களைச் சோதிக்கிறது. இத்தகைய சோதனைகளில் எரிபொருளை அளக்க, குழாய்க்குள் ஒரு சிறு விசிறிச் சக்கரம் வைப்பதுண்டு. டர்பைன் ஓட்டமானி என்பார்கள். சுற்றுகளை எண்ணினால் போன அளவு தெரியும்.

சக்கரத்தைத் தண்ணீரில் ஓட்டி அளவு குறிப்பது வழக்கம். திரவ ஹைட்ரஜனோ மைனஸ் 253 டிகிரி குளிர். தண்ணீரின் எடையில் ஏறக்குறைய 14-இல் ஒரு பங்குதான். தள்ளும் வலு அதற்குக் குறைவு. போதாததற்கு, கேமரன் மலை ஓடைபோல, வளைவு தாண்டியதும் ஓட்டம் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் கூடவோ குறையவோ சுற்றும்.

ஹைட்ரஜனை ஓட்டிப் பார்ப்பது செலவு, ஆபத்தும்கூட. ஆகவே கணினியில் குழாயைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாக ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். சக்கரம் எங்கே பொய் சொல்லும் என்பது முன்பே தெரிகிறது. கணினியின் கணக்கையும் தண்ணீர்ச் சோதனையோடு ஒப்பிட்ட பிறகே நம்புகிறார்கள்.