ஓசையும் உபாதையும்

காக்ஸ் டவுனில் வாழும் நமக்கு ஓசை புதிதன்று. விடியுமுன் ரயில் ஊதும்; பின்னர்க் கோயில் மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் மாதா கோயில் மணியும் எழும்; அதன்மேல் வண்டிகளின் இரைச்சல். இவற்றிடையே நாம் உறங்குகிறோம். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். ஆனால் நாம் பொருட்படுத்தாத ஓர் ஓசை, நம்முடன் வாழும் ஒருவரை வதைக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் அறிந்த ஒண்டுக்குடித்தனம் ஒன்றில், பதினாறு வயது மகன் இரவுதோறும் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவான். தந்தை மோர்ச்சாதத்தை உறிஞ்சி உண்ணும் ஓசையை அவனால் தாங்க இயலவில்லை. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். "பெற்ற தகப்பனோடு உட்கார்ந்து சாப்பிட உனக்கு அருவருப்பா?" என்றார் தந்தை. மகன் விடை கூறவில்லை. இரண்டாண்டுகள் இருவரும் ஒருவேளையேனும் சேர்ந்து உண்ணவில்லை.

இது செருக்கன்று, அவமரியாதையும் அன்று. மெல்லுதல், உறிஞ்சுதல் போன்ற சிற்றோசைகள் சிலரிடம் அடக்கவொண்ணாச் சினத்தையும் தவிப்பையும் எழுப்புகின்றன. ஜாஸ்ட்ரபாஃப் தம்பதியர் 2001இல் இதற்கு மிசோஃபோனியா எனப் பெயரிட்டனர். இதனின் வேறானது, சாதாரண ஓசையும் அளவுக்கு மீறி உரத்துக் கேட்டு வேதனை தரும் ஹைப்பரகூசிஸ் என்பது. மூன்றாவது, ஓசை தூண்டும் வலிப்பு. திடீர் ஓசையால் சிலருக்கும், இசையாலேயே மிகச் சிலருக்கும் அது வருவதுண்டு. இசையால் வரும் வலிப்பை லண்டன் மருத்துவர் மக்டானல்ட் கிரிட்ச்லி 1937இல் விவரித்தார்.

இதில் ஐயம் கொள்வோர்க்கு நாம் குடியேறிய மாநிலமே சான்று தருகிறது. தலையில் சுடுநீர் ஊற்றிக் குளிக்கையில் வலிப்பு வருவது கர்நாடகத்தின் தென்பகுதியில் நன்கறியப்பட்ட நோய். டாக்டர் கே. எஸ். மணி முதலியோர் 1968இல் அதுபற்றி எழுதினர். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பின்னர் விரிவாக ஆராய்ந்தனர். ஒருவர் மூளையைச் சுடுநீர் தூண்டுவது போல், மற்றொருவர் மூளையை ஓசை தூண்டுகிறது. இருவரிடத்தும் பேயுமில்லை, பாசாங்குமில்லை.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டா. வாயில் எதையும் வைக்க வேண்டா. ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிஷங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. எவ்வோசைக்குப் பின் வலிப்பு வந்தது என்பதைக் குறித்துவைத்து, நரம்பியல் மருத்துவரிடம் கூறுக. வரன் தேடும் காலத்தில் கெட்ட பெயர் வருமே என்று மறைப்பது நோயை வளர்ப்பதாகும்.

ஓசை தாங்காதவர் நாள் முழுதும் காதை அடைத்துக்கொள்வதும் தவறு. நெடுநேர அமைதிக்குப் பழகிய செவி, சிற்றோசைக்கும் கூசத் தொடங்கும். மெல்லிய ஓசைகளுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் சிகிச்சைகள் உண்டு. செவி மருத்துவரும் கேட்பியல் வல்லுநரும் வழி காட்டுவர். மைசூரில் 1965இல் அமைந்த அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் இப்பணிக்கென்றே உள்ளது. மொழி தெரியாதே எனத் தயங்காமல், கன்னடம் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம்.

இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்க 2000ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. மோர்ச்சாதம் உறிஞ்சும் ஓசைக்கு எந்த விதியைக் காட்டுவது? அங்கே வீட்டாரின் பரிவே வேண்டும்.

அந்த மகனைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றது அவன் தாய். விவரம் அறிந்த தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, உண்ணும் இடத்தில் தாமே ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். அதன் இரைச்சலில் சிற்றோசைகள் அமிழ்ந்துவிடுகின்றன. இன்றும் எல்லா நாளும் இயலுவதில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர்.