சிறுநீரகத்திற்கு நிறம் இல்லை

எண்கள் பக்கச்சார்பற்றவை, மருத்துவக் கணக்கில் அரசியலுக்கு இடமில்லை என்ற நம்பிக்கை படித்தவர்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அமெரிக்க மருத்துவமனைகளில் இருபதாண்டுகளுக்கு மேல் கையாளப்பட்ட ஒரு சூத்திரத்தின் வரலாறு, இந்நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

சிறுநீரகம் நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதே அதன் செயல்திறனைக் காட்டும் அளவு. அதை நேரடியாக அளப்பது கடினம். ஆகவே தசைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளை அளந்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து, அத்திறனை மதிப்பிடுகின்றனர். கிரியாட்டினின் மிகுந்தால் சிறுநீரகம் பழுதுபடுகிறது என்று பொருள்.

1999-இல், 1,628 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு வகுக்கப்பட்ட சூத்திரத்தில் இனமும் ஒரு காரணியாக நுழைந்தது. நோயாளி கருப்பினத்தவர் எனில், வந்த விடையை ஏறத்தாழ 1.2 ஆல் பெருக்க வேண்டும். 2009-இல் வந்த அடுத்த சூத்திரத்தில் அப்பெருக்கெண் 1.159 ஆயிற்று. ஒரே வடிதிறன் உள்ளவர்களில் கருப்பினத்தவருக்குக் கிரியாட்டினின் சராசரியாகக் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். கருப்பினத்தவருக்குத் தசை மிகுதி என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம். சிலரிடம் கண்ட சராசரி, ஓர் இனத்தின் உடலியல் விதியாக உயர்த்தப்பட்டது. எந்த நோயாளியின் தசையும் அளக்கப்படவில்லை. படிவத்தில் குறிக்கப்பட்ட இனமே போதுமானதாயிற்று. தந்தை கருப்பினம், தாய் வெள்ளையினம் எனில் எந்தக் கட்டத்தில் குறிப்பது? சூத்திரத்திடம் இதற்கு விடை இல்லை.

இதன் விளைவு என்ன? அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போரின் கணக்கு, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, வடிதிறன் 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கியதும் தொடங்கலாம். ஒரே வயதும் ஒரே கிரியாட்டினின் அளவும் கொண்ட இரு ஆண்களை எடுத்துக்கொள்வோர், வெள்ளையினத்தவருக்கு 18 என்று விடை வந்தால் அவர் பட்டியலில் சேரலாம் என்பதைக் காண்பர். கருப்பினத்தவருக்கோ 18-ஐ 1.159 ஆல் பெருக்க, விடை ஏறத்தாழ 21 ஆகிறது. அவர் காத்திருப்பதற்காகவே காத்திருக்க வேண்டும். அதற்குள் டயாலிசிஸ் கட்டாயமாகிவிடுவதும் உண்டு. அந்நாட்டின் டயாலிசிஸ் நிலையங்களில் பெரும்பகுதி இரு பெருநிறுவனங்களின் கையில் உள்ளது. சூத்திரத்தை வகுத்தவர்கள் அந்நிறுவனங்கள் அல்ல. எனினும் நோயாளியின் தாமதம் அங்கே இலாபமாகிறது.

கருப்பின அமெரிக்கர், வெள்ளையினத்தவரைவிட மும்மடங்குக்கு மேல் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகின்றனர். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வறுமை, காப்பீடின்மை, காலத்தில் கிட்டாத சிகிச்சை ஆகியவை இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. யாருக்கு நோய் மிகுதியோ, அவர்களுடைய நோயையே சூத்திரம் குறைத்துக் காட்டியது.

இச்சிந்தனைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ட்ரைட் என்னும் தென்மாநில மருத்துவர், கருப்பினத்தவரின் நுரையீரல் திறன் குறைவானது, கட்டாய உழைப்பே அவர்களுக்கு நலம் தரும் என்று வாதிட்டார். அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு நோய் என்று 1851-இல் எழுதியவரும் அவரே. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. உடலிலேயே இன வேறுபாட்டைத் தேடும் பழக்கம் ஒழியவில்லை.

மாற்றம் தானாக வரவில்லை. மருத்துவ மாணவர்களும் இளம் மருத்துவர்களும் கேள்வி எழுப்பினர். பாஸ்டனில் ஒரு மருத்துவமனை 2017-இலேயே இப்பெருக்கலைக் கைவிட்டது. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கிய ஆண்டில், சிறுநீரக மருத்துவ அமைப்புகள் ஒரு பணிக்குழுவை அமைத்தன. 2021-இல் இனம் நீக்கிய புதிய சூத்திரம் வெளியாயிற்று. தசையளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்னும் புரதத்தையும் சேர்த்து அளந்தால் மதிப்பீடு மேலும் துல்லியமாகும் என்றும் பணிக்குழு வலியுறுத்தியது.

சூத்திரத்தைத் திருத்தியதோடு பணி முடியவில்லை. இழந்த காலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச் நடுப்பகுதிக்குள் 14,300-க்கும் மேற்பட்ட கருப்பின நோயாளிகளின் காத்திருப்புக் கணக்கில் சராசரியாக இரண்டாண்டுகள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்பே இறந்தவர்களுக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை.

இந்தியாவிற்கு இது அயலார் கதையன்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கை அளந்து சாதியின் உயர்வு தாழ்வுக்கு உடற்கூற்றுச் சான்று காட்ட முனைந்தார். 1948-இல் தீண்டாமையின் தோற்றம் குறித்து எழுதிய அண்ணல் அம்பேத்கர், அத்தகைய உடல் அளவுகளையே எடுத்து ஆராய்ந்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் வெவ்வேறு இனத்தவர் என்னும் வாதத்தைத் தகர்த்தார். அறிவியலை அவர் புறக்கணிக்கவில்லை; மேலும் கறாராகக் கையாண்டார்.

தோழர்களே! கற்க வேண்டிய பாடம் இதுவே. கணக்கு வேண்டாம் என்பது பிற்போக்கு. கணக்கைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் பிற்போக்கே. ஏழையின் நோய்க்கு அவனது உடலையே காரணமாக்கும் ஒவ்வொரு எண்ணையும் பிரித்துப் பார்ப்பதும், தவறு கண்டால் திருத்துவதும், இழப்புக்கு ஈடு கோருவதும் மக்கள் நலனுக்கான போராட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாகும்.