தண்டனையும் தஞ்சமும்



ஆசிரியப் பெருந்தகை ஒருவரின் நினைவைப் போற்றும் மேடை இது. கல்லூரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் ஒரு பொருளை இங்கே வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். குடித்தோ போதைப்பொருளோடோ பிடிபடும் மாணவரைப் பல்கலைக்கழகம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் போராடிவரும் அமெரிக்காவின் அனுபவத்தை உங்கள்முன் வைக்கிறேன்.

21 வயது நிரம்பாதவர்கள் மது வாங்க இடம்கொடுக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி கிடைக்காது என்று 1984-இல் அங்கே சட்டம் வந்தது. மாநிலங்கள் அனைத்தும் பணிந்தன. இதனால், பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் படிப்பின் பெரும்பகுதிக் காலம் மது விலக்கப்பட்ட பொருளாயிற்று. 1989-இல் வந்த சட்டத்திருத்தம், கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனங்களுக்குக் கடமைகளை விதித்தது. மது, போதைப்பொருள் பற்றிய விதிகளையும் தண்டனைகளையும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் எழுத்தில் தர வேண்டும். அவை பலன் தருகின்றனவா, ஆள் பார்க்காமல் ஒரே சீராக நடைமுறையாகின்றனவா என்பதை ஈராண்டுக்கு ஒருமுறை ஆராய வேண்டும். தண்டிக்கும் இடத்தில் இருப்பவரும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற இந்த நெறி போற்றத்தக்கது.

தண்டனைகள் பொதுவாகப் படிப்படியானவை. முதல் முறை எச்சரிக்கை, விழிப்புணர்வு வகுப்பு, ஆலோசகருடன் சந்திப்பு. அடுத்து நன்னடத்தைக் கண்காணிப்பு, விடுதியிலிருந்து வெளியேற்றம், இடைநீக்கம். போதைப்பொருள் விற்றவருக்குப் பெரும்பாலும் நேரடியாக இறுதிப் படியான நிரந்தர நீக்கம்.

விசாரிக்காமல் எவரையும் நீக்கக் கூடாது என்ற உரிமை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1960-இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு மட்டுமென்று இருந்த உணவகத்தில் கறுப்பின மாணவர்கள் சிலர் உணவு கேட்டு அமர்ந்தார்கள். அவர்கள் படித்த அரசுக் கல்லூரி விசாரணையே இல்லாமல் அவர்களை நீக்கியது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, அவர்கள் தரப்பையும் கேட்ட பின்பே நீக்கலாம் என்று 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிற அநீதியை எதிர்த்த அந்த இளைஞர்கள் வென்றெடுத்த உரிமையே, இன்று அங்கே அரசுக் கல்லூரி விடுதி அறையில் மதுப்புட்டியோடு பிடிபடும் மாணவரையும் காக்கிறது.

அதே நாடு 1998-இல் தவறான வழியில் போனது. போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற மாணவருக்குக் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்று சட்டம் செய்தார்கள். வைத்திருந்த குற்றத்துக்கு முதல் முறை ஓராண்டு, இரண்டாம் முறை ஈராண்டு. குற்றம் ஒன்றே ஆனாலும், அப்பா கட்டணம் கட்டிவிடும் மாணவரை இந்தச் சட்டம் தொடவில்லை. உதவித்தொகையை நம்பிப் படித்த ஏழையின் படிப்பைத்தான் பறித்தது. 2020 இறுதியில்தான் அதை நீக்கச் சட்டம் இயற்றினார்கள்.

நாம் கற்க வேண்டிய பாடம் அந்நாட்டின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்தவரை நண்பர்கள் 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று படுக்க வைத்துவிடுவார்கள். ஆனால் குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தி மூச்சுக்குழலை அடைக்கலாம். மூச்சே நின்றும் போகலாம். ஆம்புலன்ஸை அழைத்தால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்தில் உயிர் காக்கும் நேரம் கழிந்துவிடும். 2002-இல் கார்னெல் ஒரு விதி செய்தது: அவசர உதவி கேட்டு அழைத்தவர்மீதும், சிகிச்சை பெற்றவர்மீதும் குடித்ததற்காக ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. பாதிக்கப்பட்டவர் பின்னர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். அடிதடிக்கோ பிறரைத் துன்புறுத்தியதற்கோ இந்த விலக்கு பொருந்தாது. விளைவை ஆராய்ந்து 2006-இல் கட்டுரை வெளியிட்டார்கள். உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடியிருந்தன. பின்தொடர் ஆலோசனை பெற்றவர்களின் விகிதம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்திருந்தது. நான் சொல்ல வந்தது இதுதான்: உதவி கேட்கும் வாயை அடைக்கும் தண்டனை, எவ்வளவு கண்டிப்பானதானாலும், ஒழுக்கத்தை வளர்க்காது.

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் படிக்கிறார்கள். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றமே. இடைநீக்கம் வந்தால் படிப்போடு பிணைந்த விசாவும் ஆட்டம் காணும். அனுப்பும் பெற்றோர் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

தண்டிக்காமல் உதவ இங்கேயும் வழி இருக்கிறது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகித் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, பயன்படுத்திய குற்றத்திலிருந்தும் சிறிய அளவு தொடர்பான குற்றத்திலிருந்தும் பாதுகாப்புத் தருகிறது. சட்டமே இவ்வளவு கனிவு காட்டும்போது, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் கல்லூரியின் பெயர் தப்பிவிடும் என்று நாம் நினைக்கலாமா? அப்படி அனுப்பப்படும் பிள்ளையை நோயோடு தெருவில் விடுகிறோம்.

மாணவர்களே, தோழர் நினைவிழந்து கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். கல்லூரி முதல்வர்களே, அந்த அழைப்புக்காக எவரையும் தண்டிக்க மாட்டோம் என்று இந்தக் கல்வியாண்டின் விடுதிக் கையேட்டிலேயே அச்சிடுங்கள்.