நாலு பேருடன் தொடங்கிய படிப்பு
(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



1990-இல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் துணையோடு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முதல் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து நாட்டை அளந்தது அது. அதைப் படித்த உற்சாகத்தில், நான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மனித வளர்ச்சி முதுகலைப் படிப்பைத் தொடங்கினோம். சேர்ந்தது நாலே பேர்! "இதைப் படிச்சா என்ன வேலை சார்?" என்றார் ஒரு தகப்பனார். என்னிடம் பதில் இல்லை. மூடிவிடலாம் என்றும் பேச்சு வந்தது.

மறுவருஷம் பாடத்திட்டத்தை மாற்றினோம். ஒரு பருவம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பயிற்சி. உலக அட்டவணை படித்த பிள்ளைகள், நம்ம ஊர்ப் பதிவேட்டையும் படிக்கக் கற்றார்கள். வேலையும் கிடைத்தது, படிப்பும் தப்பியது.

உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு மாணவருக்கு, ஒரு பருவம், ஒரு நாற்காலி போடுங்கள். அது போதும்.